'எவ்வுள்?' என்று கேட்டவரின் ஊரில் ராஜ கல்யாணம்!

லண்டனிலோ அம்மானிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, எதிர்பாராத விடுமுறை ஒன்று கிடைப்பது உண்டு. காரணம், அந்த நாட்டு இளவரசருக்குக் கல்யாணம்! 2011 ஏப்ரல் 29-ல் வில்லியம் - கேட் திருமணத்துக்காக பிரிட்டனில் பொது விடுமுறை விட்டார்கள். 2023 ஜூன் 1-ல் ஜோர்டான் பட்டத்து இளவரசர் ஹுசைன் திருமணத்துக்கும் அப்படித்தான். 2024 ஜனவரியில் புரூணை இளவரசர் அப்துல் மத்தீனின் கல்யாணம் பத்து நாள்கள் நடந்தது. மணமக்களின் ஊர்வலத்தைப் பார்க்க தலைநகரின் தெருக்களில் ஜனங்கள் காத்து நின்றார்கள்.

அரண்மனைப் பந்தியில் இலை கிடைக்காவிட்டால் என்ன? தெருவோரம் நின்று கையசைத்து, ஒரு போட்டோ எடுத்து, 'இங்கே ராஜா வீட்டுக் கல்யாணம் தெரியுமா' என்று ஊருக்கு அனுப்புவதில் ஒரு சந்தோஷம். கூடவே ஒரு நெருடலும் இருக்கும். அதே வருடம் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல், வீடியோ காலில் தாலி கட்டுவதைப் பார்த்த ஞாபகம் அது.

இந்த நெருடலைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் ஏறினால் போதும். அங்கே வேலைக்கு வந்திருப்பவர்களில் பலருக்கு, நாம்தான் வெளிநாடு!

இரண்டு இரவு தூரத்தில் ஒரு கல்யாணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும் அதிகம். சற்றுத் தள்ளி தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையில் கம்பெனி பஸ்களும் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் இறங்கும்போது, காதில் விழும் பேச்சில் பாதி இந்தி. மீதியில் ஒடியா, வங்காளம், போஜ்புரி, மைதிலி என்று எல்லாம் கலந்திருக்கும். பெட்டிக்கடைகளில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே கடுகு எண்ணெய் புட்டியும் இருக்கிறது.

இவர்களில் மைதிலி பேசுகிறவர்களின் ஊர், பழைய மிதிலை தேசம். அதன் ஒரு பாதி பீகாரில் தர்பங்கா, மதுபனி, சீதாமர்ஹி மாவட்டங்களாக இருக்கிறது. மறு பாதி நேபாளத்தில் இருக்கிறது. ஜனகர் ஆண்ட ஊர் என்று சொல்லப்படும் ஜனக்பூர் அந்த நேபாளப் பாதியில்தான் உள்ளது. அங்கே உள்ள ஜானகி கோயில், அரண்மனை போலவே தோற்றமளிக்கும் வெள்ளைக் கட்டடம். மத்திய இந்தியாவின் டீக்கம்கர் ராணி, ஒன்பது லட்ச ரூபாய் செலவில் கட்டினார் என்பதால் அதற்கு 'நௌலக்கா' என்றும் பெயர்.

இந்த ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரு ராஜ கல்யாணம் நடக்கிறது. அயோத்தி இளவரசனுக்கும் மிதிலை இளவரசிக்கும் நடக்கும் அந்தக் கல்யாணத்துக்கு 'விவாஹ பஞ்சமி' என்று பெயர். பெரும்பாலும் நம் கார்த்திகை மாதத்தில் வரும். 2024-ல் டிசம்பர் 6-ம் தேதி. 2025-ல் நவம்பர் 25-ம் தேதி. ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை அயோத்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக எல்லை தாண்டி ஜனக்பூர் வருவதும் உண்டு. 2024-ல் அப்படி வந்தார்கள். ஊரே பெண் வீட்டாராக நின்று அவர்களை வரவேற்கும்.

மிதிலைக்காரர்கள் ராமரை சாமி என்று கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவர்களுக்கு அவர் வீட்டு மாப்பிள்ளையும்கூட. மைதிலியில் 'பாஹுன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு விருந்தாளி என்றும் அர்த்தம். மாப்பிள்ளை என்றும் அர்த்தம். கல்யாணப் பாட்டுகளில் ராமரை அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். மாப்பிள்ளையைச் சீண்டிக் கேலி செய்யும் பாட்டுகளும் உண்டு.

ஆனால், இவ்வளவு கொண்டாடுகிற அந்த நாளில் மிதிலையில் தங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வைக்கப் பலரும் தயங்குவார்கள். காரணம் கேட்டால், 'அந்த நாளில் தாலி கட்டிய எங்கள் சீதை, போன இடத்தில் என்ன சுகத்தைக் கண்டாள்?' என்பதுதான் பதில். காடு, சிறை, நெருப்பு, மறுபடியும் காடு. மகளைத் தூரத்தில் கொடுத்த வீட்டின் பயம், இத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

அந்தப் பயம் மகள்களோடு மட்டும் நிற்பதில்லை. வேலைக்காக இரண்டு இரவு ரயில் பயணத் தூரத்துக்குப் போய்விட்ட மகன்களை நினைக்கும்போதும் அதே பயம்தான். போன இடத்தில் சாப்பிட்டானா, எங்கே படுக்கிறான்? அம்மாக்கள் போனில் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் எல்லா மொழியிலும் இவைதானே!

ஊருக்குப் பெயர் வைத்த கேள்வி

'எங்கே படுப்பது?' என்ற இந்தக் கேள்விக்கும் திருவள்ளூருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது.

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடிய தலம். அகோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. இதன் தலபுராணம் இப்படிப் போகிறது: சாலிஹோத்ர முனிவர் இங்கே ஒரு வருடம் உண்ணாமல் தவம் இருந்தார். தை அமாவாசை அன்று அரிசியை மாவாக்கி, பெருமாளுக்குப் படைத்துவிட்டு, விருந்தாளி யாராவது வருவார்களா என்று காத்திருந்தார். ஒரு முதியவர் பசியோடு வந்தார். ஒரு பங்கைக் கொடுத்தார் முனிவர். போதவில்லை. தனக்கு வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு வருடம் பட்டினியாகத் தவம் இருந்தார்.

அடுத்த தை அமாவாசைக்கும் அதே முதியவர் வந்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். 'சாப்பிட்ட களைப்பு. படுக்க வேண்டும். எவ்வுள்?' என்று கேட்டார். உள் என்றால் அறை. 'எந்த அறையில் படுப்பது?' என்பதுதான் கேள்வி. முனிவர் தயங்காமல் தன் அறையையே காட்டினார். உள்ளே போய்ப் பார்த்தபோது அங்கே சயனக் கோலத்தில் பெருமாள் இருந்தார். அந்தக் கேள்வியே ஊருக்குப் பெயரானது. எவ்வுள், திருஎவ்வுள் என்றாகி, நாளடைவில் திருவள்ளூர் ஆனது.

முன்பின் தெரியாத ஒருவர் வந்து, சாப்பாடும் தங்க ஓர் அறையும் கேட்டதால் பெயர் பெற்ற ஊர் இது. 1997-ல் தனி மாவட்டம் உருவானபோது அந்தப் பெயர் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. இன்று அதே மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டியின் லைன் வீடுகளில் 'ரூம் கிடைக்குமா?' என்று உடைந்த தமிழில் கேட்டு நிற்கிறார்கள் இளைஞர்கள். ஓர் அறையில் ஐந்தாறு பேர். பகல் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு, நைட் ஷிப்ட் போகிறவரின் பாய். கேட்கும் கேள்வி அதேதான். எல்லா நேரமும் முனிவரின் பதில் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம்.

கும்மிடிப்பூண்டிக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களும் உண்டு. போரிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் இங்கே பல வருடங்களாக இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது தமிழக அரசு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர்தான் தெரிந்த ஊர்.

மாப்பிள்ளைகள் எல்லாருமே வெளியூர்!

படுக்க இடம் கேட்டு வந்தவர், அதே ஊரில் மாப்பிள்ளையும் ஆகிவிட்டார் என்பதுதான் திருவள்ளூர் புராணத்தின் சுவாரஸ்யம். தர்மசேனபுரத்து அரசனுக்கு மகளாக, வசுமதி என்ற பெயரில் தாயார் பிறந்து வளர்கிறார். வேட்டையாட வந்த இளவரசனாக பெருமாள் வந்து அவரைக் கைப்பிடிக்கிறார். அந்த வசுமதிதான் இங்கே தனிச் சந்நிதியில் அருளும் கனகவல்லித் தாயார். பிரம்மோற்சவம் சித்திரையிலும் தையிலும் என வருடத்துக்கு இரண்டு முறை.

இந்தப் பக்கத்துத் தலங்களில் உள்ள கல்யாணக் கதைகளை வரிசையாகக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். அரச வீட்டுப் பெண் உள்ளூர், மாப்பிள்ளை வெளியூர். மேற்கே திருத்தணி. வேடர் தலைவன் நம்பிராஜனின் வளர்ப்பு மகள் வள்ளியை, வேடனாகவும் கிழவராகவும் வேஷம் போட்டுக் கரம்பிடித்த முருகன், வந்து அமர்ந்த மலை அது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திராவுக்குள் போனால், புத்தூர் அருகே நாராயணவனம். ஆகாச ராஜனின் மகள் பத்மாவதியை சீனிவாசப் பெருமாள் மணந்த ஊர்.

நாராயணவனம் கல்யாணத்தில் ஒரு கணக்கு வழக்கு உண்டு. ராஜா வீட்டில் சம்பந்தம் என்றால் சும்மாவா? கையில் காசில்லாத மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்குத்தான் இன்றுவரை திருப்பதி உண்டியலில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்யாணக் கடனை அடைக்க மலையில் நின்றுகொண்டே இருக்கும் சாமி! அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க உலைக்கு முன்னால் நிற்கும் பையனுக்கு, இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சீதையின் பிள்ளைகள் சண்டை போட்ட ஊர்

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் உள்ளே போனால் சின்னம்பேடு. சிறுவாபுரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயில். சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமைகள் வருவார்கள். எத்தனை மாடி வேண்டுமோ அத்தனை கற்களை அடுக்கிவைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கலாம்.

வீட்டுக்கு அடுத்து இங்கே வைக்கப்படும் பெரிய வேண்டுதல், கல்யாணம். வள்ளியின் கையைப் பிடித்த கோலத்தில் முருகன் இங்கே 'வள்ளி மணவாளப் பெருமான்' ஆக இருக்கிறார். வீடும் கல்யாணமும் ஒரே சந்நிதியில்! 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்ற பழமொழிக்கு ஒரு கோயில் என்றே சொல்லலாம்.

ஆனால், இந்த ஊருக்கும் மிதிலைக்கும் ஓர் உறவு இருப்பது பலர் கவனிக்காத விஷயம். ராமருடன் அவருடைய பிள்ளைகளான லவனும் குசனும் போரிட்ட இடம் இது என்கிறது தலவரலாறு. சிறுவர் போர் புரிந்த ஊர் என்பதே சிறுவாபுரி ஆனதாம். அப்பா யாரென்று தெரியாமல், ஊர் மாறி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஜனக்பூரில் கொண்டாடப்படும் ராஜ கல்யாணத்தின் பின்கதை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வந்து முடிகிறது. மிதிலையிலிருந்து வந்த தொழிலாளிக்கு அது தன் வீட்டுப் பெண்ணின் கதை. அந்தச் சிறுவர்கள் அவருடைய ஊர்ப் பேரப்பிள்ளைகள். வார விடுமுறை அன்று பஸ் பிடித்தால் போய் வந்துவிடலாம். யாராவது சொன்னால்தானே தெரியும்!

கல்யாண மண்டபம் திறந்த இரவு

ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பதே இந்தத் தொழிலாளர்களுக்குப் பெரிய பாடு. வடக்கே போகும் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியில் நிற்பதில்லை. தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையோடு கண்முன்னே கடந்து போகும் ரயிலைப் பிடிக்க, எதிர்த் திசையில் சென்ட்ரலுக்குப் போய் ஏற வேண்டும். முன்பதிவு 120 நாள்களுக்கு முன்னால் தொடங்கியது போய், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்கள் என்று ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, லீவு போட்ட நாளுக்குச் சம்பளமும் பெரும்பாலும் இருக்காது. முகூர்த்தத் தேதி, டிக்கெட், லீவு மூன்றும் சேர்ந்து அமைவது ஜாதகப் பொருத்தத்தைவிடக் கஷ்டம்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ், இரவு எட்டரை மணி வாக்கில் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. கும்மிடிப்பூண்டிக்கு முந்தைய நிலையம் கவரைப்பேட்டை. தர்பங்கா, மிதிலையின் முக்கிய நகரம். காத்மாண்டு அருகே தொடங்கி மிதிலை வழியாக ஓடும் ஆற்றின் பெயர் பாக்மதி. பெட்டிகள் தடம்புரண்டன. ஓர் இடத்தில் தீயும் பிடித்தது. பலருக்குக் காயம், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

பண்டிகைக்கு ஊர் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்த இரவில் தண்டவாளத்தின் ஓரம் நின்றார்கள். மொழி தெரியாத ஊர். கையில் கிடைத்த பை. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். அடுத்து மீட்புக்குழுக்களும் அதிகாரிகளும் வந்தார்கள். பயணிகளை எங்கே தங்கவைத்தார்கள் தெரியுமா? அருகில் இருந்த கல்யாண மண்டபங்களில்! சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, சென்ட்ரலுக்கு அழைத்துப் போய், விடிவதற்குள் சிறப்பு ரயிலில் அனுப்பி வைத்தார்கள்.

'எவ்வுள்?' என்ற கேள்விக்கு, அந்த இரவில் திருவள்ளூர் மாவட்டம் சொன்ன பதில் அது. மண்டபத்தில் அன்று மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் பாஹுன்தான்.

பத்திரிகை வேண்டாத முகூர்த்தம்

ஒரு ராத்திரி விபத்தில் தானாக வந்த மனசு, சாதாரண நாள்களில் எங்கே போகிறது? 'அந்த ஆளுங்க' என்று ஒதுக்கிப் பேசுவது, கடையில் அதட்டுவது, வாடகையை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கறாராக வசூலிப்பது எல்லாம் இங்கேயும் உண்டு. துபாயிலும் சிங்கப்பூரிலும் தங்கள் பிள்ளைக்கு இது நடந்தால் கண் கலங்கும் அதே தெருவில்தான் இதுவும் நடக்கிறது.

இதற்கு மருந்து பெரிய இடங்களிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பங்குனி உத்திரம் ஒரு நல்ல வாய்ப்பு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருக்கல்யாணம் நடக்கும் நாள் அது. சீதா - ராமர் கல்யாணமும் அன்றுதான் நடந்தது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ராமர் ஒருவர்தான், சீதை ஒருவர்தான். மிதிலையில் கார்த்திகையில் கொண்டாடுகிறார்கள், நாம் பங்குனியில் கொண்டாடுகிறோம். சொந்த ஊரில் அந்த வருடக் கல்யாணத்தைத் தவறவிட்டவர்களுக்கு, நான்கு மாதம் கழித்து இங்கே இன்னொரு முகூர்த்தம் காத்திருக்கிறது!

கோயில் திருக்கல்யாணம்போல எளிமையான ராஜ கல்யாணம் வேறு இல்லை. அழைப்பிதழ் தேவையில்லை. பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று யாரும் கேட்பதில்லை. மாலை மாற்றுவதற்கும், ஊஞ்சலுக்கும், தாலி கட்டும் நேரத்தில் கெட்டி மேளத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம். அட்சதை எல்லார் கையிலும் கிடைக்கும். மொய் எழுதினால் உண்டு, எழுதாவிட்டாலும் பந்தி உண்டு. பக்கத்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் பையனிடம், 'இன்னைக்குக் கோயில்ல ராம் - சீதா கல்யாணம், வா' என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'கல்யாண்' என்றால் அவருக்கு நலம் என்று புரியும். அதுவும் தப்பில்லையே!

போய் வர நினைப்பவர்களுக்கு

* திருவள்ளூர்: சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்க மின்சார ரயில். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைப்பது இங்குள்ள பிரார்த்தனை. தை அமாவாசை அன்று கூட்டம் தாங்காது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

* சிறுவாபுரி: கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் போகலாம். செவ்வாய்க்கிழமை நீண்ட வரிசை இருக்கும். நிதானமாகத் தரிசிக்க மற்ற நாள்களே நல்லது.

* திருத்தணி: அரக்கோணம் தாண்டி ரயிலிலும், திருவள்ளூரிலிருந்து பஸ்ஸிலும் போகலாம். 365 படிகள். ஏற முடியாதவர்களுக்கு மலைப்பாதை உண்டு.

* நாராயணவனம்: ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகக் காரில் போவது வசதி. திருப்பதி போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

* கும்மிடிப்பூண்டி வரை ரயிலில் போகிறவர்கள், ஷிப்ட் முடியும் நேரத்துப் பெட்டியில் ஏறிவிட்டால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். யாராவது சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது, ஊரிலிருந்து இரண்டு இரவு தாண்டி வந்த ஒருவராக இருப்பார்.